மாறியது மட்டும்

ஓய்வாம். பெட்டிக்கு ஓய்வாம். மனுசி ஒரு நாள் லீவு கேட்டால் மூஞ்சியைத் தூக்கி வைத்துக்கொள்கிற தண்டபாணி சாருக்கு, ஈரோட்டில் ஏசி அறைக்குள் குளுகுளுவென்று உட்கார்ந்து ஸ்கேன் படங்களைச் சேர்த்து வைக்கிற ஸ்டோரேஜ் பெட்டியின் மேல் அப்படி ஒரு கரிசனம் பொங்கியிருக்கிறது. சரஸ்வதி பூஜையன்று ஆயுதத்தைத் தொடக்கூடாது, அதுவும் ஒரு ஆயுதம்தானே என்று அணைக்கச் சொல்லி, ஈரத்துணியால் துடைத்து, டிஸ்க் ஒவ்வொன்றின் நெற்றியிலும் சந்தனம் குங்குமம் வைத்து, சாமந்தி மாலை போட்டு, பொரி கடலை படைத்து, போட்டோ எடுத்து ஆஸ்பத்திரி குரூப்பில் போட்டார். டைரக்டர் கைகூப்புகிற பொம்மை ஒன்றை அனுப்பினார். உடனே நாற்பது பேர் கைகூப்பினார்கள். நானும் அந்தப் போட்டோவைப் பார்த்தேன், அக்கா வீட்டில் சுண்டல் தின்றுகொண்டே பார்த்தேன். மாலைதான் கண்ணில் பட்டது, மாலைக்குப் பின்னால் பச்சை விளக்கு ஒன்றுகூட எரியவில்லை என்பது படவில்லை. எனக்குப் பூஜையின் மேல் கோபம் இல்லை. என் ஸ்கூட்டிக்கும் பொட்டு வைத்து எலுமிச்சம்பழம் நசுக்கிவிட்டுத்தான் வந்தேன். ஐசியுவில் மானிட்டருக்கும் வென்டிலேட்டருக்கும் நர்சுகள் பொட்டு வைக்கிறார்கள், ஆனால் இன்றைக்கு இதற்கு ஓய்வு என்று யாரும் வென்டிலேட்டரை அணைத்து வைப்பதில்லை. அவர்களுக்கு அது எதற்கு ஓடுகிறது என்று தெரியும். இந்த மனுசருக்கு இது எதற்கு ஓடுகிறது என்று தெரியாது. இந்த மனுசர்தான் ஆஸ்பத்திரியில் எங்கள் கம்ப்யூட்டர் பிரிவுக்குத் தலைவர்.

திரையில் பச்சைக்கோடு நகரவே மாட்டேன் என்கிறது. காலையில் வந்து பார்த்தபோது பன்னிரண்டு விழுக்காடு, இப்போது பதினெட்டு. நான் முறைத்துப் பார்ப்பதால் அது வேகமாகப் போகப்போவதில்லை, இருந்தும் முறைக்கிறேன். யாரையாவது முறைக்க வேண்டும். கோயமுத்தூரில் இருக்கிற பெரிய பெட்டியில்தான் இந்த ஆஸ்பத்திரிக்கு வந்த எல்லோருடைய ஸ்கேனும் இருக்கிறது. அத்தனைக்கும் ஒரு நகல் ஈரோட்டுக் கிளையில். இங்கே ஒரு துண்டு மாறினால் அந்தத் துண்டு மட்டும் அங்கே போகும். புதிதாக வந்தது மட்டும், மாறியது மட்டும். இதைச் சரியாக ஓட வைக்க நான் இரண்டு வருஷம் மல்லுக்கட்டியிருக்கிறேன். அதற்கு முன்னால் தினமும் எல்லாவற்றையும் அள்ளி அனுப்பிக்கொண்டிருந்தார்கள், ஒரு டம்ளர் மாறியதற்கு வீட்டுச் சாமான் மொத்தத்தையும் லாரியில் ஏற்றி அனுப்புகிற மாதிரி. ஈரோட்டுப் பெட்டியில் இருக்கிற டிஸ்க்குகள் எழுத எழுதத் தேயும் ரகம், இத்தனை தடவைதான் எழுதலாம் என்று அவற்றுக்கு ஓர் ஆயுசு உண்டு. இருப்பதையே திரும்பத் திரும்ப அதன் மேலேயே எழுதி, வந்த ஒரு வருஷத்தில் பாதி ஆயுசைத் தின்றுவிட்டார்கள். நான்தான் கெஞ்சிக் கூத்தாடி மாற்றினேன். நன்றாக ஓடியது. ஈரோட்டுப் பெட்டி கொஞ்ச நேரம் படுத்துக்கொண்டால்கூட இங்கே இருப்பது மாறியதையெல்லாம் ஓர் ஓரத்தில் குறித்துக்கொண்டே வரும், அது எழுந்ததும் விட்ட இடத்திலிருந்து அனுப்பும். ஆனால் அந்த ஓரத்துக்கும் ஓர் அளவு இருக்கிறதே. பூஜைக்கு அணைத்தவர்கள் விஜயதசமிக்கு நல்ல நேரம் பார்த்து மறுபூஜை போட்ட பிறகுதான் பெட்டியை மறுபடி ஓட விட்டிருக்கிறார்கள். அதற்குள் ஓரம் நிரம்பி வழிந்து, எது மாறியது எது மாறவில்லை என்கிற கணக்கே பெட்டிக்கு மறந்துபோய்விட்டது. மறந்தவர்கள் என்ன செய்வார்கள், முதலிலிருந்து ஆரம்பிப்பார்கள். பதினோரு வருஷத்துப் படங்கள் இப்போது முதலிலிருந்து போய்க்கொண்டிருக்கின்றன. அங்கே ஏற்கெனவே இருக்கிற அதே படங்கள் மேலேயே.

அதனால் கீழே எந்த டாக்டருக்கும் பழைய படம் திறக்கவில்லை. பெரிய பெட்டி அத்தனை டிஸ்க்கையும் புரட்டி ஈரோட்டுக்கு அனுப்புவதிலேயே மூச்சு வாங்கிக்கொண்டிருக்கிறது, படம் கேட்கிறவர்களுக்கு ஒரு வட்டம் சுற்றுகிறது, சுற்றிச் சுற்றி நேரம் முடிந்துவிட்டது என்கிறது. போன் அடித்துக்கொண்டே இருக்கிறது. எலும்பு டாக்டர், நரம்பு டாக்டர், ஸ்கேன் அறை. எல்லோருக்கும் நெட்வொர்க் பிரச்சினை என்று சொல்லச் சொல்லி உத்தரவு. சொல்கிறேன். என் வாயால் சொல்கிறேன். அக்காவும் கீழேதான் இருக்கிறாள், புற்றுநோய்ப் பிரிவு ஓபியில், மூன்றாவது வரிசையில், காற்றாடிக்கு நேர் கீழே, தலையில் முக்காடு போட்டுக்கொண்டு. காலையில் வெறும் வயிற்றோடு வந்து ஸ்கேன் எடுத்தாயிற்று. மருந்து ஏற்ற நரம்பு கிடைக்காமல் ஸ்கேன் அறைப் பெண் இடது கையில் குத்தி, மணிக்கட்டில் குத்தி, கடைசியில் புறங்கையில் ஒரு குழந்தை ஊசியைப் போட்டாள். முன்னே எடுத்துக்கொண்ட கீமோவில் நரம்பெல்லாம் கயிறாகப் போய்விட்டது அக்காவுக்கு. நான் அந்தப் பெண்ணைத் திட்ட வாயெடுத்தேன், அக்கா என் கையைப் பிடித்து, "போச்சாது உடு கண்ணு, அந்தப் புள்ளையும் என்ன பண்ணும்" என்றாள். அவளுக்கு எல்லாமே போச்சாது, போனால் போகிறது. புருசன் சிவகாசிப் பக்கம் ஒருத்தியோடு போனதும் போச்சாது, மாரில் ஒன்றை எடுத்ததும் போச்சாது. எனக்குத்தான் எதுவும் போக மாட்டேன் என்கிறது. புதிய படம் டாக்டர் மெஹருன்னிசா கையில் இருக்கிறது, போன வருஷத்துப் படம் பெட்டிக்குள் இருக்கிறது. இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்து எது மாறியிருக்கிறது என்று பார்த்தால்தான் அந்த அம்மாவால் எதுவும் சொல்ல முடியும். அவர் மதியம் கிளம்பிவிடுவார், ஒரு வாரத்துக்கு ஊரில் இருக்க மாட்டார். அதற்குள் திறக்கவில்லை என்றால் ஒரு வாரம் பயந்து சாக வேண்டும், இல்லையென்றால் வேறு டாக்டர் வேறு ஸ்கேன் எழுதித் தருவார், மறுபடி வெறும் வயிறு, மறுபடி ஊசி, மறுபடி முதலிலிருந்து.

முதலிலிருந்து என்கிற வார்த்தையைக் கேட்டாலே எனக்குப் பற்றிக்கொண்டு வருகிறது. அக்கா அட்மிட் ஆகியிருந்தபோது பார்த்தேன், ஒவ்வொரு டூட்டி டாக்டரும் கட்டிலருகில் வந்து, அம்மா முதல்ல எப்பக் கட்டி தெரிஞ்சுது என்று ஆரம்பிப்பார்கள். காலையில் ஒருத்தர், சாயங்காலம் ஒருத்தர், மறுநாள் காலையில் படிக்கிற பிள்ளைகள் கும்பலாக. அக்காவும் சலிக்காமல் ஆடி நோம்பிக்கு எண்ணெய் தேய்த்துக் குளித்தபோது கையில் தட்டுப்பட்டதிலிருந்து சொல்லுவாள், வெட்கப்பட்டு வெட்கப்பட்டு, முந்தானையை இழுத்து மூடிக்கொண்டே. அத்தனையும் பைலில் இருக்கிறது, புரட்டிப் பார்த்தால் போதும், நேற்றைக்கும் இன்றைக்கும் என்ன வித்தியாசம் என்று மட்டும் கேட்டால் போதும். கேட்க மாட்டார்கள். ஆள் தேய்ந்துபோவது நோயால் மட்டுமா, இப்படிச் சொல்லிச் சொல்லியும்தான். இன்று காலையிலிருந்து என் கதையும் அதுவே. பெட்டி விற்ற கம்பெனிக்குப் போன் போட்டால் ஒவ்வொரு முறையும் புதிதாக ஒரு குரல் எடுத்து, பிரச்சினையைக் கொஞ்சம் முதலிலிருந்து சொல்லுங்கள் மேடம் என்கிறது. நான் சொல்லி முடிக்கும்போது லைன் வேறு ஆளுக்குப் போகும். அந்த ஆளும் முதலிலிருந்து. கடவுளே, பெட்டிதான் மறந்தது, உங்களுக்குமா.

வெல்லம் எடுக்கப் போனேன். ஏன் இப்போது அது ஞாபகத்துக்கு வருகிறது. பூஜையன்று அக்கா வீட்டுச் சமையலறையில் பொரியில் கலக்க வெல்லம் எடுக்கப் போனேன். டீத்தூள் டப்பாவுக்குப் பின்னால் இருக்குது கண்ணு, நீயே எடு என்று அவள்தான் கூடத்திலிருந்து சொன்னாள். டப்பாவை நகர்த்தினேன். வெல்லம் இருந்தது. பக்கத்தில் மாத்திரை அட்டைகள், ரப்பர் பேண்ட் போட்டு, ஒன்றின் மேல் ஒன்றாக. அட்டைகளில் ஒரு மாத்திரைகூட உடைக்கவில்லை. அடுத்த மாசத்துக்கு வாங்கி வைத்திருப்பாள். வாங்கி வைத்திருப்பாள்தான், மருந்துக்கடையில் தீர்ந்துபோகும் என்று மொத்தமாக வாங்குவது அவள் பழக்கம். டப்பாவை இருந்த இடத்திலேயே நகர்த்தி வைத்துவிட்டு வெல்லத்தை எடுத்துக்கொண்டு வந்தேன். இருபத்திரண்டு. பச்சைக்கோடு இருபத்திரண்டுக்கு வந்திருக்கிறது. பக்கத்திலேயே ஒரு சிவப்பு எழுத்து, பெரிய பெட்டியில் டிஸ்க் ஒன்று செத்துவிட்டது, மாற்றவும் என்று. லீவில் செத்திருக்கிறது. மாற்று டிஸ்க் பெங்களூரிலிருந்து வர வேண்டும். வருவதற்குள் இன்னும் இரண்டு போனால் இங்கே இருப்பது அத்தனையும் போயிற்று, ஈரோட்டில் அரைகுறை. இருக்கிற டிஸ்க்குகளை இப்படி ஓட ஓட விரட்டினால் போகாமல் என்ன செய்யும். அவைதான் உண்மையிலேயே களைத்திருக்கின்றன, ஓய்வு வேண்டுமென்றால் அவற்றுக்குக் கொடுத்திருக்க வேண்டும்.

தண்டபாணி சார் அறைக்குக் காலையிலேயே போனேன். ஈரோட்டுக்குக் காப்பி போகிற வேகத்தைக் குறைக்கலாமா சார், டாக்டர்களுக்குப் படம் திறக்கட்டும் என்றேன். கூடவே கூடாது என்றார், நாளைக்குத் தரச்சான்றிதழ் கொடுக்கிறவர்கள் ஆய்வுக்கு வருகிறார்கள், அவர்கள் பார்க்கும்போது திரை முழுக்கப் பச்சையாக இருக்க வேண்டும், அதனால் இன்று ராத்திரிக்குள் முழுக் காப்பியும் முடிய வேண்டும் என்றார். அப்படியானால் முழுக் காப்பி வேண்டாம் சார், ஒத்துப்பார்க்கிற வழி ஒன்று இருக்கிறது என்று எடுத்துச் சொன்னேன். இரண்டு பெட்டியுமே தன்னிடம் இருக்கிற ஒவ்வொரு துண்டுக்கும் ஒரு கைரேகை எடுத்து அட்டவணை போட்டு வைத்திருக்கின்றன. படத்தையே அனுப்ப வேண்டியதில்லை, கைரேகையை மட்டும் ஒப்பிட்டால் போதும், ஒத்துப்போவதை விட்டுவிட்டு ஒத்துப்போகாததை மட்டும் அனுப்பலாம், இந்த மூன்று நாளில் மாறியது எவ்வளவு இருந்துவிடப் போகிறது. டிஸ்க்கும் தேயாது, நேரமும் மிஞ்சும். அதைப் பெட்டி விற்ற கம்பெனிக்காரர்கள்தான் அவர்கள் பக்கத்திலிருந்து திறந்துவிட வேண்டும், ஒரு வார்த்தை கேட்டால் போதும். அவர் தலையைச் சொறிந்தார். பிறகுதான் விஷயம் வெளியே வந்தது. கம்பெனிக்குப் புகார் எழுதும்போது ஈரோட்டில் மின்தடை, பெட்டி தானாக அணைந்துவிட்டது என்று எழுதியிருக்கிறார். மின்தடை என்றால் கைரேகை அட்டவணையை நம்பக்கூடாது என்பது அவர்கள் விதி, பாதி எழுதும்போது கரண்ட் போயிருந்தால் அட்டவணை பொய் சொல்லும், அதனால் எல்லாவற்றையும் அனுப்பித்தான் ஆக வேண்டும். முறையாகக் கையால் நிறுத்தியிருந்தால் நம்பலாம். முறையாகத்தான் நிறுத்தியிருக்கிறார்கள். ஈரோட்டுப் பையனுக்குப் போன் பண்ணிக் கேட்டேன், ஒழுங்காக மெனுவுக்குள் போய்த்தான் அணைத்தேங்கக்கா, அதற்கப்புறம்தான் சந்தனம் வைத்தோம் என்றான். ஒரே ஒரு பொய். அந்த ஒரு பொய்யால் பதினோரு வருஷமும் ரோட்டில் நிற்கிறது.

"மின்தடைன்னு எழுதியாச்சும்மா. இனி பூஜைக்கு அணைச்சோம்னு சொன்னா ஊரே சிரிக்கும்" என்றார். சிரிக்கட்டுமே. சிரித்தால் என்ன தேய்ந்துவிடும். வாசலில் உடைத்த பூசணிக்காய் போதாதென்று இன்னொரு முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைக்கப் பார்க்கிறார். மறைக்கிறது அவர், சோற்றைப் பரிமாறுகிறது நான், நெட்வொர்க் பிரச்சினைங்க டாக்டர், நெட்வொர்க் பிரச்சினைங்க டாக்டர். இருபத்து மூன்று. கீழே அக்காவுக்குப் பக்கத்தில் உட்கார்ந்திருந்த பெரியவர் ஆக்சிஜன் குழாயோடு வந்திருந்தார், அவருக்கும் பழைய படம்தான் வேண்டுமாம். எங்கெங்கிருந்தோ வந்தவர்கள், தாராபுரம், பல்லடம், பாலக்காட்டுப் பக்கம், விடியுமுன்னே பஸ் ஏறியவர்கள். யாரும் சத்தம் போடவில்லை. அதுதான் எனக்கு இன்னும் எரிச்சல். யாராவது ஒருத்தர் எழுந்து கண்ணாடியில் குத்தினால்கூட ஆறுதலாக இருக்கும். எல்லோரும் அக்கா மாதிரியே உட்கார்ந்திருக்கிறார்கள். அக்காவிடம் நேற்றே கேட்டிருக்கலாம். என்ன கேட்பது. கேட்க ஒன்றுமில்லை. அடுத்த மாசத்து மாத்திரை. ஆனால் மேலே இருந்த அட்டையில் தூசி இருந்தது, டீத்தூள் தூசியாக இருக்கும், டப்பாவிலிருந்து சிந்தியிருக்கும். நோய் திரும்பி வராமலிருக்க ஐந்து வருஷம் தினமும் ஒன்று, ஒரு நாள் விடக்கூடாது என்று டாக்டர் என் முன்னாலேதான் சொன்னார். அக்காவும் தலையாட்டினாள். அவள் எல்லாவற்றுக்கும் தலையாட்டுவாள்.

மறுபடி கம்பெனிக்குப் போன் போட்டேன். இந்த முறை எடுத்தது அல்தாப் என்று ஒருத்தர், பெங்களூரிலிருந்து. ஆங்கிலத்தில் ஆரம்பித்து, என் ஆங்கிலத்தைக் கேட்டதும், தமிழா மேடம், நான் சேலம்தான் என்றார். பிரச்சினையைச் சொல்லுங்கள் என்றார், நல்ல வேளையாக முதலிலிருந்து என்கிற வார்த்தையைச் சொல்லவில்லை. நான் ஒத்துப்பார்க்கிற வழியைத் திறந்துவிடச் சொன்னேன். அவர் கொஞ்ச நேரம் எதையோ படித்துவிட்டு, மின்தடைன்னு போட்டிருக்கே மேடம், அப்ப முடியாதே என்றார். குரலில் வருத்தம் இருந்தது, நிஜ வருத்தம். நான் தண்டபாணி சார் அறைக் கதவைப் பார்த்தேன். கண்ணாடிக் கதவு. உள்ளே அவர் யாருக்கோ போனில் சிரித்துக்கொண்டிருந்தார், கையில் நேற்றைய பொரி. இந்த வேலை போனால் என்ன ஆகும் என்று நினைத்தேன், நினைக்காமல் இல்லை. அக்காவுக்கு ஆகிற வைத்தியம் பாதி இந்த வேலையால்தான் சலுகையில் ஆகிறது. பயமாகத்தான் இருந்தது. பயத்தைவிடக் கோபம் ஒரு பிடி அதிகமாக இருந்தது, அவ்வளவுதான் வித்தியாசம். "கரண்ட்டெல்லாம் போகலைங்க" என்றேன். "நாங்கதான் நிறுத்துனோம். பூஜைக்கு." சிரிக்கப்போகிறார் என்று பல்லைக் கடித்துக்கொண்டு காத்திருந்தேன். அவர் சிரிக்கவில்லை. எங்கப்பா லேத் பட்டறைல வேலை செஞ்சார் மேடம், முதலாளி அன்னிக்கு பெல்ட்டையே கழட்டி வச்சிருவார், எங்களுக்கும் பொரி வரும் என்றார். அப்புறம் கீபோர்டு தட்டுகிற சத்தம். பெட்டியிலேயே பதிவாகியிருக்கு மேடம், முறையாத்தான் நிறுத்தியிருக்காங்க, முதல்லயே சொல்லியிருந்தா காலைலயே முடிஞ்சிருக்கும், இனி இப்படி நிறுத்தறதுன்னா அனுப்பறதை முதல்ல நிறுத்திட்டு எங்களுக்கு ஒரு வார்த்தை சொல்லிடுங்க என்றார். சொல்கிறேன் என்றேன்.

பச்சைக்கோடு ஒரு தடவை சுத்தமாக அழிந்து, மறுபடி வந்தது. வந்த வேகத்தைப் பார்த்து நான் நாற்காலியிலிருந்து எழுந்தே விட்டேன். ஒன்றும் அனுப்பவில்லை, கைரேகையை மட்டும் கேட்கிறது, இருக்கிறதா, இருக்கிறது, ஒத்துப்போகிறதா, ஒத்துப்போகிறது, அடுத்தது. அங்கங்கே ஒரு துண்டு ஒத்துப்போகாமல் நிற்கிறது, அதை மட்டும் அனுப்பிவிட்டு நகர்கிறது. டிஸ்க்குகளின் சூடு இறங்குவது திரையில் தெரிந்தது. போன் அடிப்பது நின்றது, முதலில் எலும்பு டாக்டர், பிறகு ஸ்கேன் அறை, ஒவ்வொருவராக நின்றுபோனார்கள். படம் திறந்தால் யாரும் போன் பண்ணிச் சொல்ல மாட்டார்கள், திறக்காவிட்டால்தான் நாம் இருப்பதே அவர்களுக்குத் தெரியும். கண்ணாடிக் கதவு திறந்தது. கம்பெனியிலிருந்து அவருக்கு மெயில் போயிருக்கிறது, காரணம் திருத்தப்பட்டது என்று. முகம் சிவந்து வந்து என் மேசைமேல் கையை ஊன்றி, "உனக்கு யாரும்மா இந்த அதிகாரத்தைக் கொடுத்தது?" என்றார். காலையிலிருந்து மனசுக்குள் எத்தனை பதில் ஒத்திகை பார்த்திருப்பேன், அத்தனையும் ஒரேயடியாக மறந்துபோயிற்று. எங்கக்கா கீழ உக்காந்திருக்கறா சார் என்று மட்டும் சொல்லிவிட்டு, லிப்டுக்குக் காத்திருக்கப் பொறுமையில்லாமல் படியில் இறங்கினேன். பின்னால் அவர் என்னவோ சொல்லிக்கொண்டே வந்தார். டைரக்டரிடம் சொல்லுவார். சொல்லட்டும், போட்டோவையும் சேர்த்துக் காட்டட்டும். இறங்கும்போது ஜெயித்த மாதிரி இருந்தது, உண்மையைச் சொல்வது இவ்வளவுதானா என்று கர்வமாகக்கூட இருந்தது.

டாக்டர் மெஹருன்னிசா அறையில் படம் திறந்திருந்தது. இடப்பக்கம் போன வருஷம், வலப்பக்கம் இன்று காலை. அக்கா ஸ்டூலின் நுனியில் உட்கார்ந்திருந்தாள், புறங்கையில் பஞ்சு ஒட்டியபடி. டாக்டர் இரண்டு படத்தையும் ஒன்றாக நகர்த்தி நகர்த்தி, எலும்பு, ஈரல், நுரையீரல் எல்லாவற்றையும் தாண்டித் தாண்டிப் போய், அக்குளுக்குக் கீழே ஓர் இடத்தில் நின்றார். இடப்பக்கம் அங்கே ஒன்றுமில்லை. வலப்பக்கம் ஒரு மொச்சைக்கொட்டை அளவுக்கு இருந்தது. எனக்கே தெரிந்தது. "சாந்தாமணியம்மா, மாத்திரை தினமும் ஒழுங்கா சாப்பிட்டீங்களா?" என்று கேட்டார். "சாப்புட்டனுங்க டாக்டர்" என்றாள் அக்கா. ஒரு நாளும் விடலையே என்று மறுபடி கேட்டார். விடலைங்க என்று தலையாட்டினாள். டாக்டர் மூக்குக்கண்ணாடியைக் கழற்றி வைத்தார். அப்படீன்னா அந்த மருந்துக்கு நோய் கட்டுப்படலைன்னு அர்த்தம், இனி அதை நம்ப முடியாது, மறுபடி கீமோதான், முதல்ல குடுத்த மாதிரியே ஆறு சுற்று, நரம்பு கிடைக்கலைன்னா கழுத்துப் பக்கம் ஒரு குழாய் வச்சுக்கலாம் என்று மெதுவாகச் சொல்லிக்கொண்டே பேனாவை எடுத்தார். அக்கா அதற்கும் தலையாட்டினாள். போச்சாது என்று மனசுக்குள் சொல்லிக்கொண்டிருப்பாள். முடி மறுபடி போகும், வாய் மறுபடி புண்ணாகும், பாத்ரூம் தரையில் மறுபடி உட்கார்ந்திருப்பாள், முதலிலிருந்து, எல்லாம் முதலிலிருந்து, ரப்பர் பேண்ட் போட்ட அட்டைகள் டீத்தூள் டப்பாவுக்குப் பின்னால் உடையாமல் இருக்க. மேலே தண்டபாணி சாரைப் பற்றி அவ்வளவு சுலபமாகச் சொன்ன என் வாய் இங்கே ஒட்டிக்கொண்டது. அந்த மனுசரை எனக்குப் பிடிக்காது, அதனால் சுலபம். இவள் என்னைத் தூக்கி வளர்த்தவள். டாக்டர் எழுத ஆரம்பித்துவிட்டார்.

"சாப்பிடலைங்க டாக்டர்" என்றேன். "நிறுத்திட்டா. அட்டையெல்லாம் அப்படியே இருக்கு, நான் பார்த்தேன்." பேனா நின்றது. அக்கா திரும்பி என்னைப் பார்க்கவில்லை, புறங்கைப் பஞ்சைப் பார்த்துக்கொண்டே இருந்தாள். டாக்டர் கோபப்படவில்லை, எப்ப இருந்தும்மா என்று மட்டும் கேட்டார். ஆடிக்கு முன்னாலிருந்துங்க என்று அவள் வாயைத் திறந்தாள், எலும்பெல்லாம் கடுக்குதுங்க, ராத்திரியானா ஒடம்பு கொதிக்குது, கொஞ்ச நாளைக்கு ஒடம்புக்கு ஓய்வு குடுத்துப் பாக்கலாம்னு நெனச்சனுங்க என்றாள். ஓய்வு. அந்த வார்த்தையை அவள் வாயாலும் கேட்க வேண்டியதாகிவிட்டது. டாக்டர் எழுதியதை ஒரு கோடு போட்டு அடித்தார். அப்ப மருந்து தோக்கலை, நாமதான் குடுக்கலை என்றார், கடுப்புக்கு வேறு மாத்திரை சேர்த்துத் தருகிறேன், மூன்று மாசம் ஒழுங்காகச் சாப்பிட்டுவிட்டு மறுபடி வாங்க, வித்தியாசம் மட்டும் பார்த்துக்கலாம், அப்பவும் குறையவில்லை என்றால் மற்றதை யோசிப்போம் என்றார். உறுதியாக எதுவும் சொல்லவில்லை. ஆனால் கழுத்துக் குழாய் இல்லை, ஆறு சுற்று இல்லை, இப்போதைக்கு இல்லை.

வெளியே வந்ததும் எனக்குக் கோபம் தலைக்கேறியது. மருந்துக்கடை வரிசையில் அத்தனை பேர் முன்னாலும் அவளைத் திட்டினேன். உனக்கென்ன பைத்தியமா, வலிக்குதுன்னு ஒரு வார்த்தை சொன்னா நாக்கா தேஞ்சுபோயிரும், அந்த ஆள் பொய் சொல்லி பெட்டியைக் கெடுத்தான், நீ பொய் சொல்லி உசுரைக் கெடுக்கப் பார்த்தே, உங்களுக்கெல்லாம் மறைக்கிறதுல என்ன அப்படி ஒரு சந்தோசம் என்று கத்தினேன். ஆக்சிஜன் குழாய்ப் பெரியவர் திரும்பிப் பார்த்தார். அக்கா நான் முடிக்கும் வரைக்கும் கேட்டுக்கொண்டிருந்தாள். இந்தத் தடவை போச்சாது என்று சொல்லவில்லை. முக்காட்டைச் சரிசெய்துகொண்டு, "உங்கிட்டச் சொன்னா நீ கத்துவயின்னு பயமா இருந்துச்சு கண்ணு" என்றாள். நான் அப்போதும் கத்திக்கொண்டுதான் இருந்தேன். பிறகு அவள் குரலைத் தாழ்த்தி, வெல்லம் கீழ் அலமாரியிலதான் எப்பவும் இருக்கும், அன்னிக்குத்தான் மேல டீத்தூள் டப்பாவுக்குப் பின்னால, மாத்திரைக்குப் பக்கத்துல வெச்சேன் என்றாள். எனக்கு முதலில் புரியவில்லை. "நீ பாத்துட்டு வந்து கேப்பேன்னு உக்காந்திருந்தேன்" என்றாள். "நீ வெல்லத்தை மட்டும் எடுத்துட்டு வந்தே." வரிசை ஓர் ஆள் நகர்ந்தது. நாங்களும் நகர்ந்தோம்.